தொட்டுக்கக் கொஞ்சம் சோறு

1

காலை நாலரை மணிக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது கொத்தமல்லி வாசம். அப்புறம் ஈரச் சாக்கு, வெங்காயச் சருகு, டீசல். பெருந்தலைவர் காமராஜர் பெயரில் இயங்கும் தினசரி மார்க்கெட் இது. சுற்றுப்பட்டு ஊர்களில் விளையும் வெண்டை, கத்தரி, தக்காளி, புடலை, பூசணி, மிளகாய், சின்ன வெங்காயம் எல்லாம் இங்கே வந்து இறங்கும். ஏலம் முடிந்ததும் அதில் பெரும்பகுதி லாரி ஏறி, செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டிக் கேரளாவுக்குப் போய்விடும். ஓணம் நெருங்கினால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. நான் இங்கே ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். பதினோரு வருஷமாகக் காய்கறிக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்படி உட்கார்ந்திருந்தவன் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டது என்ன என்று கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தட்டு நிறையச் சோறு. அதன்மேல் குழம்பு. மறுபடி சோறு, ரசம். மறுபடி சோறு, மோர். ஓரத்தில் இரண்டு கரண்டி பொரியல். காலையில் ஆறு இட்லி, ராத்திரி நாலு தோசை. மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குப் போன காயில் நூறில் ஒரு பங்குகூட எங்கள் தெருத் தட்டுகளுக்கு வரவில்லை.

முப்பத்தேழு வயதில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது எச்பிஏ1சி 9.4 என்று வந்தது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் கணக்கு அது. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "சோத்தப் பாதிக்கு மேல குறைங்க. காய், முட்டை, மீன், பயறு கூட்டுங்க" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பீடி சுற்றிக்கொண்டிருந்தவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"சோறு திங்காம வேற என்னத்தய்யா திங்கறது?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். எங்கள் பக்கத்தில் சோற்றைத் தவிர மற்றதெல்லாம் வெஞ்சனம். பொரியல், கூட்டு, அவியல், மீன், முட்டை, அப்பளம், துவையல் எல்லாமே வெஞ்சனம்தான்; சோறு உள்ளே போவதற்குத் தொட்டுக்கொள்ளும் துணை. "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்கும்போது சோறு உண்டா என்று யாரும் கேட்பதில்லை, அது சொல்லாமலே இருக்கும். டாக்டர் சொன்னதை எங்கள் பாஷைக்கு மாற்றினால், வெஞ்சனத்தைச் சாப்பிடு, சோற்றைத் தொட்டுக்கோ என்று வரும். அம்மாவுக்கு அது தலைகீழாகப் பட்டதில் ஆச்சரியம் இல்லை.

நாம் எப்போதிலிருந்து இப்படிச் சாப்பிடுகிறோம் என்று தேடத் தொடங்கியது அந்த வாரத்தில்தான். சர்க்கரை வந்தவர்கள் இணையத்தில் டயட் தேடுவார்கள். நான் தேடப் போய் வரலாற்றுக்குள் விழுந்துவிட்டேன்.

2

எங்கள் ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி, குற்றாலம், மலையாளம் என்று போகும் பாதையில் வழிப்போக்கர்கள் தங்கிச் செல்லும் இடம். சோறு போட்ட ஊர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சோறு எல்லோருடைய தட்டிலும் இருந்ததா?

டேவிட் லட்டன் என்ற அமெரிக்க வரலாற்றாய்வாளர் பழைய திருநெல்வேலிச் சீமையின் விவசாய வரலாற்றை 1985-இல் ஒரு புத்தகமாக எழுதினார். சீமையை அவர் மூன்றாகப் பிரிக்கிறார்: தாமிரபரணிக் கரையோர நஞ்சை, கிழக்கே பனையும் கம்பும் பருத்தியுமான புஞ்சை, இடையில் குளத்தையும் கிணற்றையும் நம்பிய கலப்பு நிலம். நிலம் எப்படியோ தட்டும் அப்படி. நஞ்சைக்காரர் வீட்டில் நெல்லுச்சோறு. புஞ்சைக்காரர் வீட்டில் கம்பு, சோளம், வரகு, குதிரைவாலி. பனங்காட்டுப் பக்கம் பதனீர், கருப்பட்டி, பனங்கிழங்கு. நெல் என்பது சாப்பாடு மட்டுமில்லை, யாரிடம் ஆற்றுத் தண்ணீர் இருக்கிறது, யாரிடம் நிலம் இருக்கிறது, யார் எந்தச் சாதி என்பதற்கெல்லாம் அது அடையாளம்.

என் அப்பாவின் ஊர் ஆலங்குளம் தாண்டி கிழக்கே, மானாவாரிச் செவக்காடு. அங்கே ஆச்சி சொல்லும் கதைகளில் இட்லி வருஷத்துக்கு இரண்டு முறைதான் வரும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும். தமிழ்நாட்டின் மானாவாரி ஊர்களில் எழுபது வயது தாண்டிய யாரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதையே சொல்வார்கள். விருந்தாள் வந்தால் நெல்லுச்சோறு. காய்ச்சலில் கிடந்தால் நெல்லுச்சோறு. மற்ற நாளெல்லாம் கம்மங்கூழ், தொட்டுக்க வெங்காயமும் மிளகாயும். "சோறு" என்ற சொல்லே போதாமல் "நெல்லுச்சோறு" என்று பிரித்துச் சொல்ல வேண்டிய காலம் அது.

அப்பா பிறந்தது 1954-இல். பாவூர்சத்திரத்தில் மர அறுவை மில்களில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பதினேழு வயதில் இங்கே வந்தார். தடி தூக்கினார். கூலி வாங்கிய முதல் வாரத்தில் அரிசி வாங்கிப் பொங்கித் தின்றதை, கல்யாண நாளைச் சொல்வதுபோலச் சொல்வார். ஐம்பது வயதில் அவருக்குச் சர்க்கரை வந்தது. கால்விரல் ஒன்று போனது, அப்புறம் சிறுநீரகம். நான் அப்போது படித்த திமிரில் ஒருநாள் அவர் தட்டிலிருந்து ஒரு கைச் சோற்றை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏல, எண்ணித் திங்கறதுக்கா நான் ஊர விட்டு வந்தேன்?"

2016-இல் இறந்துபோனார். அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இல்லை. இந்தக் கட்டுரை ஒருவகையில் அதற்குப் பதில் தேடும் முயற்சிதான்.

3

பசியை அரிசியால் அளக்கும் வழக்கத்துக்கு அரசாங்க வரலாறு ஒன்று உண்டு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணமே எலும்பாகக் கிடந்தபோது, கல்கத்தா அரசின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்றார். அதாவது சுமார் 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இதை எதிர்த்துச் சண்டை போட்டார். அளவு குறைவு என்பது அவருடைய ஒரு வாதம். இன்னொன்று, வெறும் தானியத்தால் உடம்பு நிற்காது, பருப்பு போன்ற புரதம் வேண்டும் என்பது. 1877-இல் நடந்த சண்டை இது. வெஞ்சனமும் உணவுதான் என்று அரசாங்கத்திடம் எழுத்தில் வாதாடியவர்களில் கார்னிஷ் முன்னோடி என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த காட்சி குன்னூரில். அங்கே ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1920-களில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் தின்பதைக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் தின்ற 'சீக்கிய' எலிகள் திடமாக வளர்ந்தன. அரிசியே பிரதானமான வங்காள, 'மதராஸி' உணவு தின்ற எலிகள் கடைசியில் நின்றன. எலிக்கு நேர்ந்தது அப்படியே மனுஷனுக்கும் நேரும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் தட்டில் பெரும்பகுதி அரிசியாக இருந்தால் மற்றதுக்கு இடம் இருக்காது என்ற உண்மையை அந்த எலிகள் காட்டின.

அதே காலத்தில் அரிசியும் மாறியது. உரலும் உலக்கையும் போய் மில் வந்தது. தவிடு நீங்கி, வெள்ளை வெளேரென்று பச்சரிசி வந்தது. அந்தத் தவிட்டோடு வைட்டமின் பி1-உம் போய்விடும். மாகாணத்தின் வடக்கே, இன்றைய ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் மில் பச்சரிசி தின்றவர்களிடையே பெரிபெரி என்னும் நோய் இருந்தது. புழுங்கல் அரிசி தின்ற தமிழ்ப் பகுதி பெருமளவு தப்பித்தது. நெல்லை வேகவைத்துப் புழுக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதே காரணம். மெக்காரிசனுக்குப் பின் குன்னூர் ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்ற ஆக்ராய்டு இதை விரிவாக எழுதினார்.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தி 1934-இல் தொடங்கிய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியபோது, கைக்குத்தல் அரிசிக்காகத் தொடர்ந்து வாதாடினார். மில் அரிசி சத்தையும் பறிக்கிறது, நெல் குத்தும் பெண்களின் பிழைப்பையும் பறிக்கிறது என்பது அவர் கட்சி. கடைசிக் காலத்தில் அவர் மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டியில் வாழ்ந்தார். குமரப்பாவை வாசிக்கும்போது தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஆச்சியிடம் சொன்னபோது அவள் தன் உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள். உலக்கை பிடித்த காய்ப்பு இன்னும் இருந்தது. "குத்திப் பாத்தவளுக்குல்லா தெரியும்" என்றாள். அதற்குமேல் பேசவில்லை.

4

அப்பாவுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, 1965-66 வாக்கில், நாடெங்கும் மழை பொய்த்தது. அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 திட்டத்தில் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்த காலம். அரிசிக்கு வரிசையில் நின்ற கோபம் 1967 தேர்தலில் வெடித்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று திமுக சொன்னது. ஒரு படி நிச்சயம் என்றது. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டது. ஒரு தேர்தலின் மையத்தில் அரிசிப் படி நின்றது என்றால், அந்தச் சமூகம் எதற்காக ஏங்கியது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதே நேரத்தில் வயலில் வேறொன்று நடந்தது. 1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 வந்தது. தஞ்சாவூரில் ஏ.டி.டி. 27 பரவியது. குட்டை நெல், உரம், பம்ப்செட், இரண்டு போகம். புஞ்சையில் கிணறு வெட்டி நெல் நட்டார்கள். கம்பும் வரகும் பின்வாங்கின. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. ரேஷன் கடை ஊர் ஊராக வந்தது. 2006-இல் கிலோ 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். பசி என்ற சொல்லைத் தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளிலிருந்து துரத்தியது இந்த அரிசிதான். அதைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

ஆனால் இரண்டு காரியம் சேர்ந்தே நடந்தன. ஒன்று, சோறு வீட்டுக்கு வந்த அதே தலைமுறையில் உடல் உழைப்பு குறைந்தது. ஏருக்குப் பதில் டிராக்டர், தடி தூக்க கிரேன், நடைக்குப் பதில் பைக். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அதற்கும் முன்பே உட்கார்ந்த வேலை வந்துவிட்டது. தென்காசி, ஆலங்குளம், கீழப்பாவூர் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பீடி. சொளகை மடியில் வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டி, நாளைக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம். அம்மா நாற்பது வருஷம் சுற்றினாள். கூடுதல் நேரம் கிடைக்கட்டும் என்று பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு மறுபடி உட்காருவாள். காய் நறுக்கும் நேரத்தில் ஐம்பது பீடி சுற்றிவிடலாம். வெஞ்சனம் குறைந்ததற்குக் காசு மட்டும் காரணமில்லை, நேரமும் காரணம்.

இரண்டாவது, அரசாங்கம் கொடுத்ததில் தானியம் மட்டும் வேகமாக வந்தது, மற்றது மெதுவாக வந்தது. காமராஜர் 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்த மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர் விரிவாக்கிய சத்துணவும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தன. முட்டை வாரத்துக்கு ஐந்து நாளும் தட்டுக்கு வர 2010 ஆனது. ரேஷனில் சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பு வந்தது 2007-இல், அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. அரிசி 20 கிலோ வரை இலவசம். பருப்பு ஒரு கிலோ, அதுவும் காசுக்கு. எங்கள் தட்டின் விகிதமும் ஏறத்தாழ அதுவே. 1877-இல் கார்னிஷ் கேட்ட வெஞ்சனம் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை என்பதுதான் நான் கண்ட வரலாறு.

5

சோற்றைக் குறை என்ற வைத்தியமும் நேற்று முளைத்ததில்லை. சரக சம்ஹிதை பிரமேக நோய்க்கான காரணங்களை அடுக்கும்போது, உட்கார்ந்திருக்கும் சுகம், தூக்கச் சுகம், தயிர், புதுத் தானியம், வெல்லப் பண்டங்கள் என்று சொல்கிறது. 1797-இல் ஜான் ரோலோ என்ற பிரிட்டிஷ் படை மருத்துவர், சர்க்கரை நோய் வந்த ஒரு கேப்டனுக்கு ரொட்டியையும் காய்கனியையும் பெரும்பாலும் நிறுத்தி, இறைச்சியும் கொழுப்புமாகக் கொடுத்து, சிறுநீரில் சர்க்கரை குறைந்ததைப் பதிவு செய்தார். 1870-71-இல் பாரிஸ் முற்றுகையின்போது ஊரே பட்டினி கிடந்தது. அங்கே பூஷார்தா என்ற மருத்துவர் தன் நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைவதைக் கவனித்தார். 1910-களில் அமெரிக்காவில் ஃப்ரெடெரிக் ஆலன் நோயாளிகளைக் கிட்டத்தட்டப் பட்டினி போட்டே உயிரோடு வைத்திருந்தார். உடம்பில் இன்சுலினே சுரக்காத குழந்தைகள் அந்தப் பட்டினியில் எலும்பும் தோலுமாகச் செத்துப்போயின.

1921-இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதலில் போட்டார்கள். பிழைத்தான். அதோடு உணவுக் கட்டுப்பாட்டின் கெடுபிடி தளர்ந்தது. மருந்து இருக்கிறதே, சாப்பிடலாம் என்று ஆனது. பிறகு மாத்திரைகள் வந்தன. கொழுப்பு இதயத்துக்கு ஆகாது என்ற பயமும் சேர, மாவுச்சத்து மறுபடி தட்டின் நடுவில் உட்கார்ந்தது.

சென்னையில் இந்தக் கதையின் நாயகர் டாக்டர் எம். விஸ்வநாதன். 1948-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார், 1954-இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனை. மாவுச்சத்து அதிகம், கூடவே நார்ச்சத்தும் அதிகம் என்ற உணவுமுறையை அவர் பரிந்துரைத்தார். சோறு தின்னும் ஊரில், சோற்றை விடாமலே காயையும் பயறையும் கூட்டுவது நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. ஆனால் ஊருக்குள் வந்து சேர்ந்தது அதில் பாதிதான். காயும் நாரும் கழன்றுகொண்டன. மிஞ்சியது "சோத்த விடு, சப்பாத்தி தின்னு" என்பது. அப்பா கடைசி எட்டு வருஷம் ராத்திரி நாலு சப்பாத்தி தின்றார், மருந்து தின்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து. கோதுமை மாவில் 65 பக்கம். நாலு சப்பாத்தியில் அவர் மிச்சப்படுத்தியது கொஞ்சம்தான், இழந்த சந்தோஷம் அதிகம்.

2010-களில் நியாண்டர் செல்வன் தமிழில் பேலியோவை எழுதத் தொடங்கியதும் காட்சி மாறியது. காலையில் 100 பாதாம், முட்டை, இறைச்சி, வெண்ணெய். அரிசியும் கோதுமையும் அறவே இல்லை. பலருக்குச் சர்க்கரை இறங்கியது, பலர் பாதியில் விட்டார்கள். மார்க்கெட்டில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் பாதாம் விலையைக் கேட்டுவிட்டு, "இதுக்குச் சர்க்கரையே பரவால்லடே" என்றார். சிரித்தோம். ஆனால் அதில் வர்க்கம் இருந்தது.

2022-இல் ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வுக் குழு ஒரு கணக்கை வெளியிட்டது. இந்தியா முழுவதும் 18,090 பேரின் உணவை அளந்து, புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் அதிலிருந்து மீள என்ன விகிதம் வேண்டும் என்று பார்த்தார்கள். சாப்பிடும் கலோரியில் மாவுச்சத்து 49 முதல் 54 விழுக்காடு, புரதம் 20 விழுக்காடு அளவுக்கு. நாம் சராசரியாகத் தின்பது 60-க்கும் மேல். அரிசியை ஒழி என்று அவர்கள் சொல்லவில்லை. தட்டில் பாதியை மீட்டெடு என்கிறார்கள், அவ்வளவுதான். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று அதே குழு 2023-இல் சொன்னது.

6

என் அடுக்களைக்கு வருகிறேன். முதலில் செய்த தப்புகள்.

டாக்டர் சொன்ன வேகத்தில் ஒரே நாளில் சோற்றைச் சுத்தமாக நிறுத்தினேன். மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போட்டேன். அதில் கிளிமிபிரைடு இருந்தது. அது சோறு வருகிறதா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைக்கும். நாலாம் நாள் பகல் பதினோரு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. டீக்கடைக்காரர் ஒரு டம்ளர் சர்பத் கொடுத்து உட்கார வைத்தார். சர்க்கரை 54 இருந்தது. சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருந்தளவைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதைப் படிக்கிற யாருக்காவது, அல்லது உங்கள் அப்பா அம்மாவுக்கு, இன்சுலினோ இந்த வகை மாத்திரையோ இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடாதீர்கள்.

அடுத்த தப்பு சிறுதானியம். பாட்டன் தின்றதுக்குத் திரும்புவோம் என்று கம்பும் வரகும் வாங்கி வந்து, சோறு தின்ற அதே அளவுக்குப் பொங்கித் தின்றேன். இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 240. கம்பிலும் கேழ்வரகிலும் 100 கிராமுக்கு 60-லிருந்து 70 கிராம் மாவுச்சத்து உண்டு. நார் அதிகம், மெதுவாகச் செரிக்கும், எல்லாம் சரி. ஆனால் ஆச்சியும் தாத்தாவும் ஒல்லியாக இருந்ததற்குக் காரணம் கம்பு மட்டுமில்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை மண்வெட்டியும், பாதி நாள் பசியும். அந்தப் பசியை மறைத்துவிட்டு, "நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல" என்று பானையைத் தூக்கிக் காட்டுவது எனக்கு இப்போது கூசுகிறது. கருப்பட்டியும் அப்படியே. எங்கள் மண்ணின் பொருள், வாசம் அலாதி. ஆனால் ரத்தத்துக்கு அது சீனிதான்.

பிறகு தராசு வாங்கினேன். மார்க்கெட்டில் நாளெல்லாம் எடை பார்க்கிறவன் வீட்டில் முதல்முறையாக என் சோற்றை நிறுத்தேன். 420 கிராம். வெந்த சோற்றில் 100 கிராமுக்கு 28 கிராம் மாவுச்சத்து என்றால் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 118 கிராம், கிட்டத்தட்ட முப்பது ஸ்பூன் சீனிக்குச் சமம். ஆறு மாதத்தில் படிப்படியாக, மாத்திரையை டாக்டர் குறைக்கக் குறைக்க, அதை 100 கிராமுக்குக் கொண்டுவந்தேன்.

இப்போது காலையில் இரண்டு முட்டை, சின்ன வெங்காயம் அள்ளிப் போட்டு. இல்லையென்றால் பாசிப்பயறு அடை. இட்லி ஆசை வந்தால் இரண்டு, கூடக் கானத்துவையல் உருண்டையாக. மத்தியானம் அவியல் ஒரு கிண்ணம், கீரையோ கூட்டோ ஒரு கிண்ணம், சாளை கிடைத்தால் சாளை, மோர். கடைசியில் அந்த 100 கிராம் சோறு. காயையும் மீனையும் முதலில் தின்று சோற்றைக் கடைசிக்கு வைத்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது. ஆராய்ச்சிகளும் அப்படியே சொல்கின்றன, என் மீட்டரும் ஒத்துக்கொள்கிறது. ராத்திரிக்குத்தான் பெரிய கண்டுபிடிப்பு: சொதி. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் பீன்ஸும் கேரட்டும் போட்ட எங்கள் கல்யாண மறுவீட்டுக் குழம்பு. அதைச் சோறில்லாமல் கிண்ணத்தில் ஊற்றி ஸ்பூனால் குடிக்கலாம் என்று இத்தனை தலைமுறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா முதலில் பார்த்துவிட்டு, "கொழம்பத் தனியாக் குடிக்கான் பாரு" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு வருஷத்தில் எச்பிஏ1சி 6.6. ஒரு மாத்திரை நின்றது, ஒன்று தொடர்கிறது. நோய் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

செலவும் சொல்ல வேண்டும். அரிசி இலவசம். முட்டை ஒன்று 6, 7 ரூபாய். மீன் விலை கடலையும் தடைக்காலத்தையும் பொறுத்தது. காய் எனக்கு மலிவு, மார்க்கெட்டில் ஏலம் போகாத மிச்சம் கிடைக்கும். எல்லோருக்கும் அப்படி இல்லை. வீட்டில் ஒருவனுக்கு மட்டும் இப்படிச் சமைக்க அம்மாவுக்குக் காலையில் ஒரு மணி நேரம் கூடுதல். இப்போது பாதி நறுக்குவது நான். "சோத்தக் குறை" என்று டாக்டர் ஒரே வாக்கியத்தில் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு காசும், இவ்வளவு பேர் கையும் இருக்கின்றன.

7

அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடியே இருக்கிறேன். எண்ணித் தின்பது அவருக்குப் பழைய வறுமையின் ஞாபகம். கம்மங்கூழை அகப்பையால் எண்ணி ஊற்றிய வீட்டிலிருந்து வந்தவர். அவரிடமிருந்து சோற்றைப் பிடுங்க மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. எடுத்த இடத்தில் ஒரு கிண்ணம் அவியலையோ ஒரு துண்டு மீனையோ நான் வைக்கவில்லை. வைத்திருந்தால் கேட்டிருப்பாரோ என்னவோ. அவர் கேட்டுப் போராடி வாங்கிய தலைமுறையின் சோறு அது. எனக்கு மிச்சமிருக்கும் வேலை வெஞ்சனத்தைக் கேட்பது. ரேஷனில் பருப்பு கூடட்டும், முட்டை வரட்டும், இங்கே விளையும் காயில் கொஞ்சம் இங்கேயே நிற்கட்டும்.

போன மாதம் அவருடைய திதி. படத்துக்கு முன்னால் இலை போட்டு அம்மா படையல் வைத்தாள். அவர் இலையில் சோற்றை மலைபோலக் குவித்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காக்காய்க்கு வைத்துவிட்டு வந்து எனக்கு இலை போட்டாள். அவரைக்காய்ப் பொரியல், பூசணிக் கூட்டு, கீரை, வடை ஒன்று, பருப்பு. இலை நிறைந்துவிட்டது. பிறகு ஊறுகாய் வைக்கும் மூலையில் ஒரு கரண்டிச் சோறு வைத்து, கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"போதுமாய்யா?"

"போதும்மா. நீயும் உக்காரு."

அவளுக்கும் போன வாரம் ரத்தம் எடுத்தோம். 'பார்டர்' என்று வந்திருக்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இலையில் முதலில் கூட்டை எடுத்து வைத்துக்கொண்டாள்.